பூங்காவுக்குக் கருத்துக் கேட்கிறார்கள், கரைக்கு அல்ல

ஊரை அழகுபடுத்தப் போகிறோம், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று அதிகாரிகள் நம் முன் வந்து நிற்கும்போது நாம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான். எந்த முடிவு இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிறது? இடம் முடிவாகிவிட்டது. பணம் ஒதுக்கியாகிவிட்டது. ஆலோசனை நிறுவனம் வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டது. நடைபாதைக்கு என்ன நிறத்தில் கல் பதிப்பது, நீரூற்று வட்டமா சதுரமா, செல்ஃபி எடுக்க எங்கே மேடை போடுவது, இவ்வளவுதான் மிச்சம். அதற்குத்தான் மக்கள் பங்கேற்பு என்று பெயர்.

தூத்துக்குடிக்கு நகரின் நடுவே ஓடும் ஆறு கிடையாது. தாமிரபரணி நமக்குத் தெற்கே புன்னக்காயலில் போய்க் கடலில் சேர்ந்துவிடுகிறது. நமக்கு இருப்பது கடலும், ஊரைக் கிழித்துக்கொண்டு ஓடித் திரேஸ்புரத்தில் கடலில் விழும் பக்கிள் ஓடையும். ஆற்றங்கரை மேம்பாடு என்று பிற நகரங்களில் நடப்பது இங்கே கடற்கரை மேம்பாடு, ஓடைச் சீரமைப்பு என்ற பெயர்களில் நடக்கிறது. பெயர்தான் வேறு. யாரைக் கேட்பது, யாரைக் கேட்காமல் விடுவது என்ற கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஒரு தேதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூன் மாதம் தூத்துக்குடி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்க்கப்பட்டது. திருச்சி, திருநெல்வேலி, திருப்பூர் ஆகிய நகரங்களும் அதே சுற்றில் தேர்வாயின. அது ஒரு போட்டி. ஒவ்வொரு நகரமும் திட்டம் எழுதி அனுப்ப வேண்டும், மக்களைக் கலந்து பேசினோம் என்று காட்டினால் அதற்கும் மதிப்பெண் உண்டு. நல்லது. அப்போது தூத்துக்குடி மாநகராட்சியில் மக்களின் பிரதிநிதிகள் யார்? ஒருவரும் இல்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கும் மேலாக மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லக்கூட ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் கிடையாது. தனி அலுவலர் ஆட்சி நடந்தது. மாநகரத்தின் முகத்தையே மாற்றப்போகும் திட்டம் எழுதப்பட்டதும், ஒப்பந்தங்கள் விடப்பட்டதும், வேலைகள் பெருமளவு நடந்ததும் அந்த ஆண்டுகளில்தான். தேர்ந்தெடுத்த மன்றத்தை மூடி வைத்துவிட்டு மக்கள் கருத்தைக் கேட்டோம் என்று மதிப்பெண் வாங்குவதற்குத் தனித் திறமை வேண்டும்.

மன்றம் இருந்திருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது என்பது அடுத்த விஷயம். ஸ்மார்ட் சிட்டி வேலைகளை மாநகராட்சி செய்வதில்லை, கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான ஒரு நிறுவனம் செய்கிறது. மாநில அரசும் மாநகராட்சியும் பாதிப் பாதிப் பங்குதாரர்கள். ஒன்றிய அரசு நகரம் ஒன்றுக்கு 500 கோடி தரும், அதற்குச் சமமான தொகையை மாநிலமும் மாநகராட்சியும் போட வேண்டும். அந்தத் திட்டங்களைப் பொறுத்தவரை மன்றத்துக்கு உள்ள அதிகாரங்களை இந்த நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகளே சொல்லின. சொத்துவரி கட்டுகிறவர் நாம், முடிவெடுப்பது இயக்குநர் குழு. 2025 மார்ச்சில் அந்த இயக்கமே முடித்துவைக்கப்பட்டது. கட்டிய பூங்காவும் கடற்கரைச் சாலையும் நிற்கின்றன. யாரைக் கேட்டுக் கட்டினீர்கள் என்று இப்போது கேட்டால், கேட்பதற்கு ஆபீஸ் எது என்றே விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, கேட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எப்படிக் கேட்பார்கள்? இணையதளத்தில் படிவம் வைப்பார்கள். மண்டபத்தில் முற்பகல் 11 மணிக்குக் கூட்டம் போடுவார்கள். தூத்துக்குடியில் விசைப்படகு அதிகாலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது விதி. அந்தப் படகில் கூலிக்குப் போகிறவர் எந்தக் கூட்டத்துக்கு வருவார்? சங்கு குளிக்கப் போனவர் 11 மணிக்குக் கடலுக்கடியில் இருப்பார். மீன்கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகப் போகும் அம்மாவுக்கு அதுதான் வியாபார நேரம். உப்பளத்தில் வாரிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு லீவு எடுத்தால் அன்றைய கூலி இல்லை. துப்புரவுப் பணியாளர் அதே மண்டபத்தின் வாசலைக் கூட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். உள்ளே வந்து உட்காரக்கூடியவர்கள் யார்? வர்த்தக சங்கம், ஹோட்டல் முதலாளிகள், ரியல் எஸ்டேட்காரர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள். அவர்களுக்கும் ஊரில் உரிமை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கருத்தைச் சொல்ல மண்டபம் தேவையில்லை. கலெக்டரின் செல்போன் எண் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இங்கே சாதியைப் பேசாமல் கடந்து போக முடியாது. சமூகத்தைக் கலந்தாலோசித்தோம் என்பது இந்தக் கரைக்குப் புதிய வாசகம் இல்லை. முத்துக்குளித்துறை என்று இந்தக் கடற்கரைக்குப் பெயர் வந்த காலத்திலிருந்து ஆட்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். 1530களில் போர்ச்சுகீசியர் வந்தார்கள், பரதவர் ஒட்டுமொத்தமாகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1658இல் டச்சுக்காரன் வந்தான். பிறகு பிரிட்டிஷ்காரன். கொடி மாறியது, கிறிஸ்தவத்துக்குள்ளேயே பிரிவு மாறியது, முறை மாறவில்லை. சமூகத்தோடு பேசுவது என்றால் சாதித் தலைவனோடு பேசுவது. முத்துக்குளிப்பு நடக்கும் ஆண்டில் அந்தத் தலைவனுக்கென்று தனி வருமானம் ஒதுக்கப்பட்டது. பார் எங்கே, எப்போது குளிப்பது, எத்தனை படகு, சிப்பியை எப்படி ஏலம் விடுவது என்பதையெல்லாம் சர்க்கார் தீர்மானித்தது. கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கிக் கீழே இறங்கியவனுக்குச் சிப்பியில் ஒரு பங்கு கிடைத்தது, வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை. குளித்தவர்களில் பரதவர் மட்டுமா இருந்தார்கள்? முஸ்லிம்கள் இருந்தார்கள், கடையர் இருந்தார்கள். கடலோரத்தில் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த அந்தக் கடையரை 2021ஆம் ஆண்டின் தேவேந்திரகுல வேளாளர் சட்டத்திருத்தம், கடலோர மாவட்டங்களில் உள்ளவர்கள் வேறு என்று தனியே பிரித்துக் காட்டியது. நாடாளுமன்றத்தின் கண்ணுக்குத் தெரிகிற அவர்களைக் கடற்கரைத் திட்டம் பற்றிய எந்தக் கூட்டத்தின் அழைப்பாளர் பட்டியலில் பார்த்தோம்?

கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. முத்து போய்விட்டது, முத்துநகர் என்ற பெயரைக் கடற்கரைக்கும் ரயிலுக்கும் வைத்துக்கொண்டோம். சாதித் தலைவனோடு மட்டும் பேசும் பழக்கமும் போகவில்லை. இன்றைக்கும் மீனவர் தரப்பு என்றால் அதிகாரிகள் கூப்பிடுவது ஊர்க்கமிட்டியை, பங்குச் சாமியாரை, விசைப்படகு உரிமையாளர் சங்கத்தை. இவர்களில் நேர்மையாகப் போராடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த நாற்காலிகளில் எத்தனை பெண்கள்? ஏலக்கூடத்தில் மீன் எடுத்து விற்று வீட்டை நடத்துகிற பெண்ணின் கருத்து, படகு வைத்திருக்கும் ஆணின் கருத்துக்குள் அடங்கிவிட்டதாக யார் முடிவு செய்தார்கள்? விசைப்படகு முதலாளிக்குத் துறைமுகம் விரிந்தால் லாபம். நாட்டுப்படகுக்காரருக்குக் கரை குறைந்தால் பிழைப்பே போச்சு. இருவரையும் மீனவர் சமுதாயம் என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுக் கட்டுவது வசதியானது, அரசுக்கும் வசதி, நமக்குள் இருக்கும் பெரியவர்களுக்கும் வசதி. நாம் அரசை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் பாதி உண்மைதான் பேசுகிறோம்.

மீனவர் தரப்புக்காவது ஒரு நாற்காலி போடுகிறார்கள். அளத்தில் வேலை செய்யும் தலித் பெண்ணுக்கும், ஓடையில் இறங்கிக் கழிவு அள்ளும் அருந்ததியர் தொழிலாளிக்கும் அதுவும் கிடையாது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் என்று தமிழ்நாடு பெருமை பேசுவது தூத்துக்குடி அளங்களை வைத்துத்தான். கடற்கரைத் திட்டம் என்றால் அளமும் அதில் வரும், அளத்துக்குப் போகும் வழியும் வரும். அவர்களைப் பயனாளிகள் பட்டியலில் பார்க்கலாம். ஆலோசகர் பட்டியலில் பார்க்க முடியாது. கருத்துச் சொல்கிறவன் ஒரு சாதி, சுத்தம் செய்கிறவன் ஒரு சாதி. தொழிலை மட்டுமல்ல, தொழிலாளர்களையே சாதி பிரித்து வைத்திருக்கிறது என்றார் அம்பேத்கர். நகரத் திட்டமிடலிலும் அந்தப் பிரிவினை அப்படியே இருக்கிறது.

பக்கிள் ஓடையையே எடுத்துக்கொள்வோம். மழைத்தண்ணீர் போக வேண்டிய ஓடையில் நகரத்தின் சாக்கடை போகிறது. அது போய் விழுவது திரேஸ்புரத்தில், நாட்டுப்படகுகள் கட்டிக் கிடக்கும் கரையில், சங்கு குளிப்பவர்கள் தொழிலுக்குக் கிளம்பும் இடத்தில். ஊரின் மேல்பகுதி கழுவிவிட்டதை ஊரின் கடைக்கோடி மூக்கைப் பிடித்துக்கொண்டு வாங்கிக்கொள்கிறது. சாதி ஒழுங்கு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு இந்த ஓடையைக் காட்டினால் போதும். ஓடையைச் சீரமைக்க வேண்டாம் என்று திரேஸ்புரத்தில் ஒருவரும் சொல்ல மாட்டார். முதலில் கேட்பவர்களே அவர்கள்தான். அவர்கள் கேட்பது சாக்கடை கலப்பதை நிறுத்து என்பது. கிடைப்பது ஓடைக்கரையில் கம்பி வேலியும் நடைபாதையும் என்றால், நாற்றம் அப்படியே இருக்க ஓரத்தில் குடியிருப்பவர்கள் மட்டும் ஆக்கிரமிப்பாளர்கள் ஆகிவிடுவார்கள்.

2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஓராண்டு மழை அது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது, தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. ஸ்மார்ட் சிட்டிப் பணத்தில் மழைநீர் வடிகால் கட்டிய ஊர் இது. அன்றைக்குக் கடலில் ஓட்ட வேண்டிய படகைத் தெருவுக்குக் கொண்டுவந்து ஆட்களை மீட்டவர்கள் மீனவர்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே அடைபடும், எந்தக் காற்றுக்குக் கடல் ஏறும் என்பது அவர்களுக்குக் கைரேகை மாதிரி தெரியும். ஆபத்துக்குக் கூப்பிடத் தெரிந்த நிர்வாகத்துக்குத் திட்டம் போடும்போது அவர்களைக் கூப்பிடத் தெரியவில்லை.

கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணங்கள் நிறைய இருக்கின்றன. நாட்டுக்கே முன்மாதிரி என்று காட்டப்படுவது அகமதாபாத்தின் சபர்மதி ஆற்றங்கரை. அங்கும் ஒரு கம்பெனிதான், 1997இல் தொடங்கியது. இரு கரையிலும் பதினோரு கிலோமீட்டருக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பி 200 ஹெக்டேருக்கு மேல் நிலத்தை ஆற்றிலிருந்து எடுத்தார்கள். கரையில் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள், பெரும்பாலும் தலித்துகளும் முஸ்லிம்களும், அப்புறப்படுத்தப்பட்டார்கள். எங்களை எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள் என்று கேட்டு அந்த மக்கள் 2005இல் உயர்நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. மாற்று வீடு கிடைத்தவர்களில் பலருக்கு அது வேலைக்குப் போய்வர முடியாத ஊர்க்கோடியில் கிடைத்தது. இன்றைக்கு வெளிநாட்டுத் தலைவர்கள் வந்தால் அந்தக் கரையில்தான் ஊஞ்சல் ஆட வைக்கிறார்கள்.

சென்னையில் கூவம். ஆற்றை மீட்கிறோம் என்று சொல்லிப் பதினான்காயிரம் குடும்பங்களுக்கு மேல் அகற்றத் திட்டமிட்டு, பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் லாரியில் ஏற்றினார்கள். பள்ளிக்கூடம் நடக்கும் மாதத்திலேயே சத்தியவாணி முத்து நகரில் வீடுகளை இடித்தார்கள். தலித் மக்கள் நகரத்தின் நடுவில் இருந்து வெகுதூரம் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டப்பட்டதற்குச் சுற்றுச்சூழல் என்று பெயர். கிராமத்தில் ஊர் வேறு, சேரி வேறு. நகரத்தில் மாநகராட்சி வேறு, மறுகுடியமர்வு வேறு. மெரினாவில் 1985இல் அழகுபடுத்துகிறோம் என்று படகையும் வலையையும் அள்ளியதில் தொடங்கியது துப்பாக்கிச் சூட்டில் முடிந்து மீனவர்கள் செத்தார்கள். அதற்கு முப்பத்தெட்டு ஆண்டு கழித்து, 2023இல், நொச்சிக்குப்பம் லூப் சாலையில் மீன் விற்பது போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று கடைகளை எடுத்தார்கள். கடற்கரையில் மீன் விற்பது இடைஞ்சல், கார் போவது இயல்பு. சாலையை மறித்து உட்கார்ந்த பிறகுதான் பேச்சுவார்த்தை நடந்தது. இந்த நாட்டில் உழைக்கும் மக்களிடம் கருத்துக் கேட்கும் முறை பெரும்பாலும் இதுதான், முதலில் இடி, மறித்தால் பேசு.

தூத்துக்குடிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கருத்துச் சொல்வதற்காகக் கலெக்டர் ஆபீசுக்கு நடந்த ஊர் இது. 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். மனு கொடுக்கத்தான் போனார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை என்ன சொன்னது? ஆலை விரிவாக்கத்துக்குத் தடை, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்திவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும் என்றது. சிப்காட் வளாகத்துக்குள் வருகிறது, ஆகவே கருத்துக்கேட்பு வேண்டியதில்லை என்று அதற்குமுன் விலக்கு கொடுத்து வைத்திருந்தார்கள். கேட்டிருக்க வேண்டிய கருத்தை 13 பிணம் விழுந்த மறுநாள் கேட்கச் சொன்னார்கள். அந்தக் கலெக்டர் ஆபீசிலிருந்து மக்கள் பங்கேற்பு என்ற சொல் வரும்போது இந்த ஊர்க்காரர்கள் எச்சரிக்கையாகக் கேட்பதில் தப்பு என்ன இருக்கிறது?

இதைப் படிக்கும் சிலர், பூங்கா கூடாதா, பிள்ளைகள் விளையாட இடம் வேண்டாமா, எதற்கெடுத்தாலும் எதிர்ப்பா என்பார்கள். வேண்டும். காற்றோட்டமான இடம் யாருக்கு அதிகம் தேவை? ஒற்றை அறையில் ஏழு பேர் படுக்கும் வீட்டுப் பிள்ளைக்குத்தான். அளத்தில் வெயிலும் உப்பும் தின்ற உடம்புக்குத்தான் மாலையில் உட்கார நிழல் வேண்டும். ஆனால் பொது இடம் என்று தீர்மானம் போட்டதால் ஓர் இடம் பொதுவாகிவிடாது. மகாத் நகராட்சி 1924இலேயே சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய்த் தண்ணீரைக் கையில் அள்ளும்வரை அது காகிதத்தில் இருந்த பொதுக் குளம். இன்றைய பூங்காவில் சாதிப் பலகை இருக்காது. கட்டணச் சீட்டு இருக்கும், காவலாளி இருப்பார், கருவாட்டு நாற்றம் அடிக்கிறது என்று புகார் கொடுக்கப் பக்கத்தில் புதிய அடுக்குமாடி இருக்கும். வலை காயப்போட்ட இடத்தில் புல்தரை போட்டு, புல்லை மிதிக்காதே என்று எழுதி வைத்தால் அதை யாருக்கு எழுதியிருக்கிறார்கள்?

ஆகவே நாற்காலியின் நிறத்தைப் பற்றி நாம் கருத்துச் சொல்ல வேண்டாம். வரைபடத்தைப் பற்றிப் பேசுவோம். எந்தத் திட்டத்துக்கும் முன்னால் கரையின் பயன்பாட்டு வரைபடம் போடப்பட வேண்டும். வள்ளம் ஏற்றும் இடம் எது, வலை தைக்கும் இடம் எது, கருவாடு காயும் மணல் எது, மீன் ஏலம் எங்கே, பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சுமை ஏற்றுகிறவர்கள் எங்கே ஒதுங்குகிறார்கள், பெண்களுக்குக் கழிப்பறை எங்கே இல்லை, ஓடையோரம் எத்தனை வீடு, எத்தனை ஆண்டாக. இதை ஆலோசனை நிறுவனம் ட்ரோன் விட்டுப் போட முடியாது. விடியற்காலை மேலிருந்து படம் எடுத்தால் கடலுக்குப் போனவரின் இடம் காலி மனையாகத்தான் தெரியும். 2019 அறிவிக்கையின்படி தமிழ்நாடு தயாரித்த கடற்கரை மேலாண்மை வரைவு வரைபடங்களில் மீனவர்களின் பொதுப் பயன்பாட்டு இடங்களும் நீண்டகாலக் குடியிருப்புத் திட்டமும் விடுபட்டுள்ளன என்று 2023இல் மாநிலம் முழுக்க மீனவர் அமைப்புகள் எதிர்த்தது இதனால்தான். வரைபடத்தில் இல்லாதவன் நாளைக்கு ஆக்கிரமிப்பாளன்.

சட்டம் முழுக்க நமக்கு எதிராக இல்லை, பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோம். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடியும்வரை எந்த வியாபாரியையும் அகற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் நாற்பது விழுக்காடு இடம் வியாபாரிகளுக்கு, அதில் மூன்றிலொரு பங்கு பெண்களுக்கு. மீன் விற்கும் பெண்ணும் அந்தச் சட்டத்துக்கு வியாபாரிதான். அவருக்கு அடையாள அட்டை கொடுத்தார்களா? 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது 1992இல். வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் தமிழ்நாடு விதி கொண்டுவந்தது 2022இல். முப்பது ஆண்டு. கிராமசபைக்கு இருக்கும் பேச்சுகூட நகரத்தில் பகுதி சபைக்கு இல்லை. அது எப்போது கூடுகிறது என்று நம் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? கவுன்சிலருக்கு வேண்டியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் கூட்டம் முடிந்ததாகக் கணக்கு.

அடுத்த பகுதி சபை எப்போது என்று இந்த வாரமே மாநகராட்சியில் எழுத்தில் கேளுங்கள். கூட்டம் இரவு 7 மணிக்குமேல், திரேஸ்புரத்தில் ஒன்று, அளத்தொழிலாளர் குடியிருப்பில் ஒன்று, துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் ஒன்று என்று கேளுங்கள். கடற்கரைக்கும் ஓடைக்கும் இதுவரை போட்ட திட்ட அறிக்கைகளைத் தமிழில் கொண்டுவரச் சொல்லுங்கள். பெண்கள் முதலில் பேசட்டும், ஊர்க்கமிட்டித் தலைவர் கடைசியில் பேசட்டும். வீட்டை அகற்றும் எந்த வேலைக்கும் அந்தச் சபையின் சம்மதம் இல்லாமல் மன்றம் தீர்மானம் போடக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். சொன்னதை மினிட் புத்தகத்தில் எழுத வைத்து, எழுதியதை அங்கேயே உரக்கப் படிக்கச் சொல்லி, அதைப் படம் எடுத்துக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.